வரலாற்று நோட்டு, ரிங் ஃபைல், டிஸ்ப்ளே ஃபைல்: பல வயதுப் பிள்ளைகள் வீட்டில் படிக்கும்போது எது உழைக்கும்?

வரலாற்றுக்கு என்று விற்கப்படும் நோட்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிள்ளையை, அதுவும் கோட்டுக்குள் ஒழுங்காக எழுதும் பிள்ளையை, மனத்தில் வைத்துச் செய்தவை. 6 வயதும் 10 வயதும் 14 வயதுமாக மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கும் வீட்டில் அவை ஒத்துவருவதில்லை. சின்னவனுக்குக் கோடு நெருக்கம். பெரியவளுக்கு இடம் போதாது. நடுப்பிள்ளை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த வரைபடம் பின்பக்கத்தில் ஊறி, அடுத்த வாரம் எழுத வேண்டிய தாளைக் கெடுத்துவிடும்.

தைத்த நோட்டு, ரெக்கார்டு நோட்டு, ஸ்பைரல் நோட்டு, ரிங் ஃபைல், பிளாஸ்டிக் உறைகள் உள்ள டிஸ்ப்ளே ஃபைல், படக்கட்டமும் கோடும் அச்சடித்து வரும் ஆயத்தத் தாள்கள் ஆகிய ஆறையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். அட்டையின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. எழுதி முடித்த பக்கத்தைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ரிங் ஃபைல் பகுதியில் விளங்கும்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோட்டு என்பது வாராவாரம் வேலை நடக்கும் இடம். அடித்தல் திருத்தல் எல்லாம் அதில் இருக்கும். தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ, அந்த வேலையிலிருந்து பொறுக்கி எடுத்து வைப்பது. இரண்டையும் ஒரே பொருளால் சமாளிக்கப் பார்க்கும் வீடுகளில் இரண்டுமே கெடுகின்றன. நோட்டே தொகுப்பு என்றானால், தப்பு வந்துவிடுமோ என்று பிள்ளை பேனாவைத் தொடவே தயங்கும். தொகுப்பே நோட்டு என்றானால், ஆண்டு முடிவில் யாருமே புரட்டிப் பார்க்க முடியாத முந்நூறு பக்கம் சேர்ந்திருக்கும். வாங்கும்போதே இரண்டு பொருளாக வாங்குவது நல்லது.

தைத்த நோட்டு

மலிவு, உறுதி, பக்கம் தொலையாது. 11 வயதுக்கு மேல், படம் ஒட்டாமல் எழுத்து மட்டும் எழுதும் பிள்ளைக்கு இதுவே போதும். ஒட்ட ஆரம்பித்தால்தான் வம்பு. 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதில் ஒரு படத்தை ஒட்டினால் தாளும் பசையுமாக இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. முதுகின் அகலமோ தைத்தபோது இருந்ததுதான். முப்பது பக்கம் ஒட்டியதும் நோட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் அட்டை முதுகோடு கிழியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. மூன்று தாளுக்கு ஒரு தாளை, முதுகிலிருந்து 2 செ.மீ. விட்டுக் கத்தரித்துவிட வேண்டும். மிஞ்சும் அந்தத் துண்டு, ஒட்டும் படங்களின் தடிமனுக்கு முதுகில் இடம் கொடுக்கும். தாளை அடியோடு கிழிக்கக் கூடாது. தைத்த நோட்டில் ஒவ்வொரு தாளும் மடிப்புக்கு அப்பால் இன்னொரு தாளோடு ஒட்டிப்பிறந்தது; இதைக் கிழித்தால் அது தானாகக் கழன்று விழும்.

ரெக்கார்டு நோட்டும் காலக்கோடும்

அறிவியல் செய்முறைக்காக விற்கும் ரெக்கார்டு நோட்டு, ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் கோடு என்று வரும். யாரும் வரலாற்றுக்கு என்று இதை விற்பதில்லை. ஆனால் காலக்கோட்டு நோட்டுக்கு, அதாவது நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் பதியும் நோட்டுக்கு, இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை. விரித்தால் கோடு போட்ட பக்கத்தில் ஆண்டும் நிகழ்ச்சியும், வெள்ளைப் பக்கத்தில் நாணயம், கருவி, கட்டடம், எழுத்து வடிவம் என்று சிறு சிறு படங்கள். அட்டை கெட்டி, தாளும் சற்றுக் கனம். ஒரு பிள்ளை 10 வயதில் தொடங்கி 17 வயது வரை இதே நோட்டில் சேர்த்துக்கொண்டே போகலாம். மற்ற நோட்டுகள் ஆண்டோடு முடிந்துவிடும்; இது முடியாது.

பக்கங்களைப் பங்கிடுவதில்தான் பலர் இடறுகிறார்கள். நூற்றாண்டுக்கு ஒரு விரிப்பு (நோட்டைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) என்று சமமாகப் பிரித்தால் முன்பக்கங்கள் காலியாகக் கிடக்கும், கடைசிப் பக்கங்களில் நெரிசல் தாங்காது. 100 பக்க நோட்டுக்கு இந்தக் கணக்கு சரிவரும்: வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கு 2 விரிப்பு, கி.மு. 3000 முதல் கி.மு. 1001 வரை, 500 ஆண்டுக்கு ஒன்றாக 4, கி.மு. 1000 முதல் கி.மு. 1 வரை நூற்றாண்டுக்கு ஒன்றாக 10, கி.பி. 1 முதல் 1700 வரை 17. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு 2, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு 3, இருபதாம் நூற்றாண்டுக்கு 5, இந்த நூற்றாண்டுக்கு 1. ஆக 44 விரிப்பு, 88 பக்கம். மீதியை வரைபடத்துக்கும் அரச மரபு அட்டவணைக்கும் வைத்துக்கொள்ளலாம். நோட்டைத் திறந்த முதல் நாளே எல்லா விரிப்புக்கும் தலைப்பைப் பென்சிலில் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் கி.பி. 900-க்கு அடுத்து 1100 வந்து நிற்கும்.

கி.மு. பக்கங்களில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, எண் இறங்குமுகமாகப் போக வேண்டும் என்பதை மறந்து 300-க்குக் கீழே 310 எழுதுவது. இரண்டாவது, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் 0 என்ற ஆண்டைப் புகுத்துவது. கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. ஆகவே கி.மு. 500-இல் நடந்ததற்கும் கி.பி. 500-இல் நடந்ததற்கும் இடைவெளி 1000 ஆண்டு அல்ல, 999 தான். நூற்றாண்டின் பெயரும் குழப்பும்: 1201 முதல் 1300 வரை உள்ளது பதின்மூன்றாம் நூற்றாண்டு. தலைப்பில் எண்ணோடு நூற்றாண்டின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

10 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனி நோட்டு வேண்டாம். வீட்டுக்குப் பொதுவாக ஒரு மடிப்புக் காலக்கோடு போதும். நூற்றாண்டுக்கு 10 செ.மீ. என்றால் கி.மு. 3000 முதல் கி.பி. 2000 வரையிலான 5000 ஆண்டுக்கு 5 மீட்டர் நீளம். சார்ட் பேப்பரை வெட்டி, 25 செ.மீ. அகலத்தில் 20 மடிப்பாக ஒட்டினால் ஒரு மடிப்புக்கு 250 ஆண்டு. சுவரில் இடம் இல்லாத வீட்டிலும் இதை மடித்து அலமாரியில் வைக்கலாம். பிள்ளைக்கு ஒரு நிறம் என்று ஒதுக்குவதைவிட நிலப்பகுதிக்கு ஒரு நிறம் என்று ஒதுக்குவது பயன் தரும். சீனத்தில் என்ன நடந்தபோது ரோமில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

ஸ்பைரல் நோட்டு

மேசையில் தட்டையாகப் படியும், பின்னால் மடக்கலாம், வரைவதற்குச் சுகம். அவ்வளவுதான். கம்பி வளைந்தால் பக்கம் திரும்பாது. பிளாஸ்டிக் சீப்பு வகை என்றால் பல் உடையும். கிழித்தெடுத்த தாளின் ஓரம் பிசிறாகிவிடும், திரும்ப மாட்ட முடியாது. வரலாற்றுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்கவில்லை.

ரிங் ஃபைல்: பல வயதுக்கு இதுதான்

வீட்டுக் கல்வியில் வரலாற்றை நான்கு ஆண்டுச் சுற்றாகப் படிப்பது பரவலான வழக்கம்: பண்டைக்காலம், இடைக்காலம், நவீன காலத்தின் தொடக்கம், அண்மைக்காலம். சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, இன்னும் ஆழமாக. 6 வயதில் எகிப்தைப் படித்த பிள்ளை 10 வயதிலும் 14 வயதிலும் அதற்குத் திரும்பி வரும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் 6 வயதை எட்டுவதில்லை. மூத்தவள் இடைக்காலத்தில் இருக்கும்போது இளையவன் படிக்கத் தொடங்கினால், அவனுடைய வரலாறு இடைக்காலத்தில் தொடங்கி, அண்மைக்காலத்துக்குப் போய், அதன் பிறகு பண்டைக்காலத்துக்கு வரும். படிப்பதில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. நோட்டில்தான் காலவரிசை சிதறிப்போகிறது. ரிங் ஃபைலில் என்றால் பக்கத்தைக் கழற்றி அதற்குரிய காலத்தில் மாட்டினால் தீர்ந்தது. 10 வயதில் எழுதிய எகிப்துப் பக்கத்துக்கு முன்னால் 6 வயதில் வரைந்த பிரமிடு வந்து உட்காரும். அந்த இரண்டு தாளும் அடுத்தடுத்து இருப்பதைவிட நல்ல முன்னேற்ற அறிக்கை கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். வளையம் வட்ட வடிவில் இருந்தால் ஃபைலை மூடும்போது தாள்கள் முதுகில் வளைந்து மடங்கும். ஒரு பக்கம் நேராக உள்ள டி வடிவ வளையத்தில் தாள் நேராகப் படியும், அதே அளவில் கூடுதலாகவும் பிடிக்கும். வளையம் முன்னட்டையிலோ முதுகிலோ இல்லாமல் பின்னட்டையில் பொருத்தியதாக இருக்க வேண்டும். இரண்டு வளைய ஃபைலில் ஏ4 தாள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்து துளை கிழியும். நான்கு வளையம் பாதுகாப்பு. துளைகளுக்கு இடையே 80 மி.மீ. என்பது சர்வதேச அளவு, நான்கு துளையிலும் அதே இடைவெளிதான். அமெரிக்க அளவில் வரும் மூன்று வளைய ஃபைலுக்குத் துளை இடைவெளி 108 மி.மீ. என்பதால் சாதாரணப் பஞ்சிங் மெஷின் உதவாது. இறக்குமதித் தாள்களையும் உள்ளூர் ஃபைலையும் கலந்து வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கொள்ளளவு பற்றி அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 25 மி.மீ. வளையத்துக்குச் சொல்லும் எண்ணிக்கை வெறும் தாளுக்கானது. படம் ஒட்டியது, வண்ணம் தீட்டியது, மடித்த வரைபடம் என்று வந்தால் அதில் பாதிதான் அடங்கும். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், ஆண்டுக்கு 40 முதல் 60 பக்கம் என்று கணக்கு வைத்தால், 25 மி.மீ. ஃபைல் ஓராண்டுக்குச் சரி. 50 மி.மீ. ஃபைலை வாங்கி இரண்டாண்டு ஓட்டலாம் என்று நினைத்தால் சின்னக் கையால் அதைத் தூக்க முடியாது. கீழே விழும், வளையம் கோணும்.

வளையம் கோணுவதற்கு இன்னொரு காரணம், கையால் வளையத்தையே பிடித்து இழுத்துத் திறப்பது. மேலும் கீழும் உள்ள நெம்புகோலை இரண்டு கையாலும் ஒருசேர அழுத்த வேண்டும். ஒரு தரம் கோணிய வளையத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், திருப்பும் ஒவ்வொரு தாளும் அதில் சிக்கிக் கிழியும். அதை நிமிர்த்த முயல்வது வீண் வேலை.

தாளின் இடது ஓரத்தில் 25 மி.மீ. காலி விட வேண்டும். கோடு கிழித்துக் காட்டாவிட்டால் சின்னவர்கள் ஓரம் வரை வரைவார்கள், பஞ்ச் விழுவது நேரே யானையின் தலையில். தாளின் பின்பக்கத்தில் அந்த ஓரம் வலப்பக்கமாகிவிடும் என்பதால், 10 வயது வரை ஒரு பக்கம் மட்டும் பயன்படுத்துவது சிக்கனத்துக்கு எதிரானாலும் நிம்மதி. அடிக்கடி திருப்பும் பக்கங்களில் துளையைச் சுற்றி வளைய ஸ்டிக்கர் ஒட்டலாம். எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

காலப்பகுதிகளைப் பிரிக்க, ஓரத்தில் காது நீட்டிக்கொண்டிருக்கும் பிரிப்பு அட்டைகளை வாங்கும்போது அகலத்தைப் பார்க்கவும். பிளாஸ்டிக் உறை ஏ4 தாளைவிட அகலம். உறை போட்ட பக்கங்களுக்கு நடுவே சாதாரணப் பிரிப்பு அட்டையின் காது மறைந்துபோகும். அகலமான வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

தாள், கோடு, பசை

தமிழ் எழுதும் பிள்ளைக்குக் கோட்டின் இடைவெளி தனிக் கணக்கு. ‘கி’, ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், ‘கு’, ‘மூ’வின் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 7, 8 மி.மீ. இடைவெளியில் அச்சடித்த தாளில் மேல்வரியின் ‘மூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் மோதிக்கொள்ளும். 6, 7 வயதுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமலும், 8 முதல் 10 வரை 10 முதல் 12 மி.மீ. வரையிலும் இருந்தால் எழுத்து உருண்டு வரும். 11-க்கு மேல் 8 மி.மீ. போதும். பெரியவர்களுக்கு 5 மி.மீ. கட்டத்தாளும் கைகொடுக்கும், அட்டவணையும் வரைபட அளவுகோலும் அதில் சுலபம்.

சின்னவர்களின் பக்கத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை, கீழே நான்கு கோடு. 10 வயதில் இது தலைகீழாக வேண்டும். எழுதுவதைவிட ஓரம் அலங்கரிப்பதில் நேரம் போகிறது என்று தோன்றினால் படத்துக்கான இடத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதே எளிய மருந்து.

எழுத்துக்கு 80 ஜி.எஸ்.எம்., கலர் பென்சிலுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் 120 முதல் 150, தண்ணீர் வண்ணத்துக்கு 200-க்கு மேல். எல்லாவற்றையும் ஏ4 அளவில் வாங்கிவிட்டால் ஒரே ஃபைலில் கலந்து மாட்டலாம். தைத்த நோட்டில் நடக்காத காரியம் இது.

வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம், தாள் நெளியும். அதை ஓரங்களில் புள்ளி வைத்துத்தான் ஒட்ட வேண்டும். க்ளூ ஸ்டிக்கில் நெளிவு வராது, ஆனால் ஓரம் வரை முழுதாகத் தடவி அழுத்தாவிட்டால் ஓராண்டில் படம் உதிரும். செலோ டேப் வேண்டவே வேண்டாம்: மஞ்சளாகும், பசை கசியும், எடுக்கப் போனால் தாளையும் சேர்த்து உரிக்கும். செய்தித்தாள் துண்டை அப்படியே ஒட்டினால் அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் பழுப்பேறும். நகலெடுத்து ஒட்டுவது மேல். இங்க்ஜெட்டில் அச்சடித்த வரைபடத்தின் மேல் ஈரமான வண்ணம் பட்டால் கோடு கரையும். லேசர் அச்சில் அந்தத் தொல்லை இல்லை.

ஆயத்தத் தாள்கள்

மேலே படக்கட்டம், கீழே கோடு, மூலையில் மன்னரின் முகம். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். முதல் சில வாரம் நன்றாகப் போகும். அப்புறம் எட்டுக் கோடு இருந்தால் எட்டுக் கோட்டை நிரப்பும் வேலையாக மாறிவிடும். சொல்ல நிறைய இருந்தாலும் எட்டு வரி, ஒன்றும் இல்லாவிட்டாலும் எட்டு வரி. வெவ்வேறு வயதுக்கு என்று மூன்று கட்டு வாங்கினால் மூன்றிலும் ஒரே படம், கோட்டின் எண்ணிக்கை மட்டும் வேறு. காசு கொடுத்து வாங்க வேண்டியது, பிள்ளை நிரப்புவதற்காக வெறும் கோட்டுருவில் வரும் வரைபடங்களை மட்டும்தான்.

அவற்றிலும் கவனம் தேவை. இன்றைய அரசியல் எல்லையில் வெட்டி எடுத்த இந்திய வரைபடத்தில் ஹரப்பாவையும் மொகஞ்சதாரோவையும் குறிக்க இடமே இருக்காது. இரண்டும் இன்றைய பாகிஸ்தானில் இருக்கின்றன. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் காட்ட வேண்டுமென்றால் வங்கக் கடலும் மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ஒரே தாளில் வேண்டும். கடற்கரையோடு நிற்கும் வரைபடத்தில் கப்பல் எங்கே போகும்? கடலும் ஆறும் மலையும் மட்டும் உள்ள, அரசியல் எல்லை இல்லாத வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிய பிள்ளைக்கு மட்டும் இன்றைய எல்லையைப் புள்ளிக்கோடாகச் சேர்க்கச் சொல்லலாம்.

ஒரே பாடம், மூன்று பக்கம்

அச்சுக்கலை என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1450 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சடித்தது, அதற்கு நானூறு ஆண்டு முன்பே சீனத்தில் பி ஷெங் சுட்ட களிமண் எழுத்துகளைச் செய்தது, 1578-ல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானது, 1710-களில் தரங்கம்பாடியில் அச்சகம் இயங்கியது. 20 நிமிடம் எல்லோருக்கும் சேர்த்து வாசித்தாயிற்று.

6 வயதுப் பிள்ளை ரப்பரில் செதுக்கிய எழுத்தை மையில் ஒற்றி ஒரு வரிசை அடிக்கும். ‘ட’ திரும்பி விழுந்திருக்கும். எழுத்தை இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோலச் செதுக்க வேண்டும் என்ற செய்தி அங்கேயே கிடைத்துவிடுகிறது, அந்தத் தப்பான தாளைத்தான் ஃபைலில் வைக்க வேண்டும். கீழே அது சொன்ன இரண்டு வாக்கியத்தைப் பெரியவர் எழுதுவார். 10 வயதுப் பிள்ளை மைன்ஸ், கொல்லம், தரங்கம்பாடி மூன்றையும் வரைபடத்தில் குறித்து, ஐந்தாறு வாக்கியம் எழுதி, காலக்கோட்டில் நான்கு பதிவு சேர்க்கும். 14 வயதுப் பிள்ளைக்குக் கேள்வி வேறு: தமிழுக்கு எத்தனை அச்செழுத்து வார்க்க வேண்டியிருக்கும், லத்தீனுக்கு எத்தனை, அதனால் செலவு எப்படி மாறும்? உயிர்மெய்களை எண்ணி, எவற்றுக்குத் தனி வார்ப்பு வேண்டும், எவற்றைக் கால், கொம்பு சேர்த்துக் கோக்கலாம் என்று கட்டத்தாளில் போட்டு, ஒரு பக்கக் கட்டுரையும் எந்த நூலில் எடுத்தது என்ற குறிப்பும்.

மூன்று தாளின் தலையிலும் ஒரே நான்கு விவரம்: தேதி, பாடம், காலம், வாசித்த நூல். இந்தத் தலைப்பு வரி இல்லாத தாள் ஆறு மாதத்தில் அநாதையாகிவிடும்.

வாசித்துக் கேட்டதைப் பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைப்பதில் வரிசை முக்கியம். இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். மூத்தவளைப் பேசவிட்டால் இளையவன் அவள் சொன்னதையே ஒப்பிப்பான். வாய்மொழியாகத் திரும்பச் சொல்லும் முறையைப் பரப்பிய பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), 6 வயதுக்கு முன் இதைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்றே சொன்னார். அந்த வயதில் தானாகச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் படம் போதும்.

சொல்லச் சொல்ல எழுதும்போது தமிழில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை சொல்வது பேச்சுத்தமிழ், தாளில் எழுதிப் பழகியது எழுத்துத்தமிழ். “ராஜா பெரிய கோயில் கட்டுனாரு, அதுல யானை எல்லாம் கல்லு இழுத்துச்சு” என்பதை “மன்னர் பெரிய கோயிலை எழுப்பினார்” என்று பெரியவர் திருத்தி எழுதினால் அது பெரியவரின் பக்கம். 8 வயது வரை சொன்னபடியே எழுதுங்கள். அதற்குப் பிறகு அடுத்த வரியை விட்டு, எழுத்துத்தமிழில் அதையே பிள்ளையை மாற்றி எழுதச் சொல்லலாம். வரலாற்றோடு மொழிப்பாடமும் நடந்துவிடும்.

தொகுப்புக்கு டிஸ்ப்ளே ஃபைல்

20, 40, 60 உறைகள் என்று வருகிறது. உறைகள் முதுகில் உருக்கி ஒட்டியவை, கழற்ற முடியாது. அதனால் நோட்டாக இது உதவாது, தொகுப்பாக அருமை. முதுகோடு முதுகாக இரண்டு தாள் வைத்தால் 20 உறையில் 40 பக்கம். ஒரு பிள்ளையின் ஓராண்டு வரலாற்றுக்கு இதுவே தாராளம். 60 உறை வாங்கினால் அதை நிரப்புவதற்காகவே குப்பை சேரும்.

உறையின் பிளாஸ்டிக் பி.வி.சி. வகையா பாலிபுரொப்பிலீன் வகையா என்று பார்க்க வேண்டும். பி.வி.சி. உறையில் லேசர் அச்சும் நகலும் நாளடைவில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது எழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விடும். பாலிபுரொப்பிலீனில் அப்படி ஆவதில்லை. கடுமையான பிளாஸ்டிக் வாடை அடித்தால் பெரும்பாலும் பி.வி.சி.

மாதக் கடைசியில் பிள்ளை ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம் தேர்ந்தெடுத்தால் பத்து மாதத்தில் 20 பக்கம் சேரும். அழகானதை மட்டும் பொறுக்கினால் தொகுப்பு பொய் சொல்லும். ஆண்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஒரே வகை வேலை ஒன்று இருக்கட்டும். பெரிய பிள்ளை என்றால் ஒரு கட்டுரையின் முதல் வரைவும் இறுதி வடிவும் அடுத்தடுத்து. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஓர் எழுத்து: தனியாகச் செய்தது ‘த’, உதவியோடு செய்தது ‘உ’, சொல்லச் சொல்ல எழுதியது ‘சொ’. வெளியாள் யாராவது பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், அன்றைக்கு யோசித்தால் ஞாபகம் வராது.

சில இடங்களில் தொகுப்பு சட்டப்படியான கடமை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், படிப்பு நடக்கும்போதே எழுதிய செயல்பாட்டுப் பதிவு, வாசித்த நூல்களின் பெயர், எழுத்து வேலை மற்றும் பயிற்சித்தாள்களின் மாதிரிகள் ஆகியவற்றை இரண்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்டால் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் தொடாத ஊரிலும் இந்தப் பட்டியல் நல்ல எலும்புக்கூடு. முதல் உறையில் வாசித்த நூல்களின் பட்டியல், இரண்டாவதில் மாதவாரியாகப் பாடத்தலைப்புகள், அதற்குப் பின் வேலைகள். நூல் பட்டியலை வாரம் ஒரு தரம் எழுதுங்கள். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதியது பட்டியலே அல்ல.

மடித்து மடித்துத் திறக்கும் அட்டைப் புத்தகங்கள், களிமண் பிரமிடு, அட்டைக் கோட்டை ஆகியவற்றை ஃபைலில் திணிக்க வேண்டாம். புகைப்படம் எடுத்து, எதனால் செய்தது, எந்தப் பாடத்துக்கு என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். ஆண்டுக்கு நான்கு படத்துக்கு மேல் தேவையில்லை. முழுவதையும் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், தேதி, பிள்ளையின் பெயர், பாடம் என்ற வரிசையில் வையுங்கள், தானாகக் காலவரிசையில் நிற்கும். ஆனால் 7 வயதுப் பிள்ளை தன் பழைய பக்கத்தைத் தானே எடுத்துப் புரட்டுவது காகிதத்தில் மட்டும்தான் நடக்கிறது.

ஆண்டு முடிந்ததும் ரிங் ஃபைலிலிருந்து தாள்களைக் கழற்றி, முன்னும் பின்னும் ஓர் அட்டை வைத்து, அதே துளைகளில் ஃபைல் டேக் கோத்துக் கட்டிவிடலாம். ஃபைல் அடுத்த ஆண்டுக்கு மிச்சம். இறுக்கிக் கட்டினால் துளை கிழியும்; தாள் திரும்பும் அளவு தளர்வு வேண்டும். ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளில் கறை இறக்கும் என்பதால் அவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். கட்டின் முதுகில் பெயர், வயது, காலப்பகுதி மூன்றையும் எழுதிப் படுக்கை வசமாக அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் ஒட்டுப்படங்களின் கனத்தில் நடுப்பகுதி சரிந்து, தாள்கள் வளைந்துவிடும்.